‘ஆமா’ என்று சொன்னவன்

பட்டாளத்தில் அவனைப் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள். மண்ணுக்குள் புதைத்து வைத்த கண்ணிவெடிகளைத் தேடி எடுக்கிற பிரிவில் பதினோரு வருடம் இருந்தவன். அடி எடுத்து வைத்தால் அவன் காதுக்கே கேட்காது. பெயர் அவனோடு வீடு வரைக்கும் வந்துவிட்டது. டிப்போவில் கண்டக்டர்கள் பூனை என்றார்கள். மனைவிகூட, “பூனை மாதிரி பின்னாடி வந்து நிக்காதீங்க, கொஞ்சம் செருமிட்டாவது வாங்க” என்று சத்தம் போடுவாள்.

பட்டாளத்தை விட்டு வந்து ஆறு வருடமாக அவன் நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது மனைவியின் அண்ணன். அண்ணன் அதே டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது, யார் தாமதம் என்று எழுதி வைக்கிற உத்தியோகம். தங்கை புருஷனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. மற்றவர்களை மறக்கவும் விட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்த வண்டியைப் பூனை மேம்பாலத்தின் நடுவில் நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். “யாரும் இறங்கக் கூடாது, யாரும் அசையக் கூடாது” என்று சொல்லிவிட்டு இரண்டு கதவையும் வெளியிலிருந்து சாத்தினான். பாலத்தின் ஓரத்தில் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. அதற்கு இரண்டு கை தூரத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தாரில் வைத்து மூட்டையின் அடியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருபத்தைந்து நிமிடம் கிடந்தான். பின்னால் ஹார்ன் சத்தம் வானத்தைப் பிளந்தது. வண்டிக்குள் ஒரு கர்ப்பிணிப் பெண் மயங்கி விழுந்தாள். மூட்டைக்குள் இருந்தது மழையில் நனைந்து இறுகிப்போன சிமெண்ட்.

ஜன்னல் வழியாக யாரோ படம் எடுத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து, ‘ரோட்டில் நீச்சல் அடிக்கும் டிரைவர்’ என்று தலைப்புப் போட்டு, ஊர் முழுக்கச் சுற்றவிட்டார்கள்.

அண்ணன் நேராக வீட்டுக்கு வந்தார். டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி அவர்கள் வீடு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என்ன மாப்பிள்ளை, ரோட்டுல படுத்து வெயில் காயுறீங்களாம்?”

பூனை நாற்காலியில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ‘உங்க ஆளு’ங்கிறாரு. எத்தனை பேருக்கு முன்னாடி தெரியுமா? ‘உங்க ஆளு’! இருபத்தி ரெண்டு வருஷ சர்வீஸ்ல என்னை ஒருத்தன் விரல் நீட்டிப் பேசினதில்ல. என் மூஞ்சியை எங்க கொண்டு போய் வைக்கிறது, சொல்லுங்க.”

“அண்ணே, அவருக்கு உடம்பு சரியில்ல” என்றாள் தங்கை.

“உடம்பா? உடம்பு கல்லு மாதிரி இருக்கு. மண்டைதான் கழண்டு போச்சு. அதை டைட் பண்ணிட்டு வேலைக்கு வரச் சொல்லு.”

அவருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். பூனை தூங்கி எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பான். வெளியே வரும்போது சட்டைகூட நனைந்திருக்காது. இவையெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டன. அந்த மாதம்தான் பழகாத ஒன்று நடந்தது. அவளைப் பீரோ முன்னால் உட்காரவைத்து, “பென்ஷன் புத்தகம் இங்க இருக்கு. இன்ஷூரன்ஸ் காகிதம் இந்தக் கவர்ல. பாப்பா படிப்புக்கு எந்த ஆபீஸ்ல, யாரைப் பார்க்கணும்னு இதுல எழுதியிருக்கேன்” என்று அவன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்குச் சொல்லித் தருகிற மாதிரி. 

பென்ஷன் புத்தகத்தின் பின்னட்டையில் ஓர் எண் அச்சடித்திருந்தது. ‘முன்னாள் படைவீரரே, மனம் தளர்கிறதா? தனியாக இல்லை நீங்கள். அழையுங்கள்.’ பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஓர் ஆளின் படம். அந்த ஆளுக்கு எந்தக் காலத்திலும் மனம் தளர்ந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளே எண்ணை அழுத்தினாள்.

“நான் என்னத்தைச் சொல்றது?” என்றான்.

“உண்மையைச் சொல்லுங்க. அவங்க கேக்குறதுக்குத்தான் இருக்காங்க. எங்கிட்டச் சொல்ல முடியாததை அவங்ககிட்டச் சொல்லுங்க.”

பதிவு செய்த குரல் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிக்கொண்டே போனது. பணியில் இருப்பவர் ஒன்றை அழுத்தவும், ஓய்வு பெற்றவர் இரண்டை அழுத்தவும், பென்ஷன் சந்தேகம் என்றால் ஐந்து. அவள் இரண்டை அழுத்தினாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்றது குரல். பிறகு பேண்டு வாத்தியம். காத்திருக்கிற நேரத்தில் மனசுக்கு இதமாக இருக்கட்டும் என்று யாரோ ஆபீஸில் உட்கார்ந்து பொறுக்கிப் போட்டிருந்த பட்டாள மெட்டு. பூனை எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“என்னங்க?”

“சவப்பெட்டியை வண்டியில ஏத்தும்போது இதைத்தான் வாசிப்பாங்க.”

பதினேழு நிமிடம் அந்த மெட்டு திரும்பத் திரும்ப ஓடியது. பிறகு ஒரு பெண்ணின் குரல். சின்ன வயசுக் குரல், ஆனால் மரியாதையான குரல்.

“வணக்கம் சார், பேசினதுக்கு நன்றி. சில கேள்வி கேக்கணும். ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொன்னா போதும். கடந்த ரெண்டு வாரத்துல, உயிரோட இல்லாம இருந்தா நல்லாயிருக்கும்னு தோணியிருக்கா?”

பூனை மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

“ஆமா.”

“அடிக்கடியா சார்?”

“ஆமா.”

“எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?”

“ஆமா.”

“சர்வீஸ்ல எந்தப் பிரிவு சார்?”

“கண்ணிவெடி.”

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. “லைன்லயே இருங்க சார்” என்றாள் அவள். மறுபடி பேண்டு.

பூனை போனைக் கீழே வைத்தான். அவன் தோள் இரண்டும் இறங்கியிருந்தன. கல்யாணமான புதிதில் விடுப்பில் வரும்போது இருக்குமே, அந்த முகம். “சொல்லிட்டேன்” என்றான். “கேட்டா. சொல்லிட்டேன்.” அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு டீ போட்டுக் கொண்டுவந்தாள். அந்த டீ ஆறுவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

வந்தவை நான்கு ஜீப்பும் ஒரு தீயணைப்பு வண்டியும். யாரோ யாருக்கோ சொல்லி, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, கடைசியில் போலீஸ் கையில் இருந்த தாளில், ‘வெடிமருந்து கையாளத் தெரிந்தவர், சாகப் போவதாகச் சொல்கிறார், வீட்டில் மனைவி இருக்கிறார்’ என்று ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸ் முழுவதையும் காலி செய்தார்கள். சமைத்துக்கொண்டிருந்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்லி, கையைத் தூக்கிக்கொண்டு தனியாக இறங்கி வரச் சொன்னார்கள்.

பூனை பனியனோடு இறங்கிப் போனான். அவனுக்கு இந்த முறையெல்லாம் அத்துப்படி. யாரும் சொல்வதற்கு முன்னால் முட்டி போட்டான். குப்புறப் படுத்தான். கைகளைப் பின்னால் கொடுத்தான். அந்த நேரம் பார்த்துத்தான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் பையோடு தெருமுனையில் வந்து நின்றாள். பக்கத்தில் அவள் தோழிகள் மூன்று பேர். ஒருத்தி, “உங்கப்பா மறுபடி நீச்சல் அடிக்கிறாருடி” என்றாள்.

பொது மருத்துவமனையில் மூன்று நாள். மனநல மருத்துவர் விடுப்பில் இருந்தார். அதனால் ஊசி போட்டுத் தூங்கவைத்தார்கள். எழுந்தால் மறுபடி ஊசி. கை இரண்டையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாம்புக்கடி நோயாளியின் சொந்தக்காரர்கள் சாப்பாட்டை அவன் கால்மாட்டில் வைத்துச் சாப்பிட்டார்கள். கட்டை அவிழ்த்துத் தண்ணீர் கொடுக்கலாமா என்று அவள் கேட்டபோது நர்ஸ், “பட்டாளத்துல இருந்தவருங்கிறீங்க, இவ்வளவு கோழையா இருக்காரே” என்றாள். திட்டிச் சொல்லவில்லை. ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னாள்.

நான்காம் நாள் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். ‘தற்கொலை எண்ணம் உண்டு என்று தாமே ஒப்புக்கொண்டார்’ என்று எழுதியிருந்தது. திருட்டை ஒப்புக்கொண்டவனைப் பற்றி எழுதுகிற மாதிரி. அதன் நகல் ஒன்று டிப்போவுக்குப் போனது. டிப்போவிலிருந்து பதில் கடிதம் வந்தது. முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் மனநல மருத்துவர், பயணிகள் வண்டி ஓட்டத் தகுதியானவர் என்று சான்று தரும்வரை வேலை இல்லை. தொண்ணூறு நாளுக்குள் சான்று வராவிட்டால் வேலையும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் மகள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“நீதானேம்மா அப்பாவை உண்மையைச் சொல்லச் சொன்னே?”

அவள் தட்டை மறுபடி மகள் பக்கம் நகர்த்தினாள்.

“பரீட்சையில தெரியாத கேள்வி வந்தாக்கூட நாங்க யோசிச்சுத்தான் எழுதுவோம். அப்பா யோசிக்கவே இல்ல.”

பூனை தட்டைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னான்: “தெரிஞ்ச கேள்விதான் பாப்பா.”

முன்னாள் படைவீரர் நலத்துறை ஆபீஸில் கூட்டம் வாசல் வரை நின்றது. அதிகாரி கெட்டவர் இல்லை. நாற்காலி கொடுத்தார். பிஸ்கட்டை நீட்டினார். படிவத்தைத் திருப்பி வைத்துப் பேனாவால் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

“பதினாலாவது கேள்வி. உயிருக்கு ஆபத்தான எண்ணம் உண்டா. இதுல ‘உண்டு’ன்னு போட்டீங்கன்னா அது அவசரக் கேஸ். அவசரக் கேஸை எங்க ஆஸ்பத்திரி எடுக்காது, பொது ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்.”

“அங்கதான் கட்டிப் போட்டு வச்சாங்க சார். அங்க டாக்டரே இல்ல” என்றாள்.

“தெரியும்மா. ‘இல்லை’ன்னு போட்டா சாதாரணக் கேஸ். எங்க டாக்டர் பார்ப்பாங்க. ஆனா அதுக்கு ஏழு மாசம் ஆகும். நடுவுல இடம் காலியானா கூப்பிடுறேன்.”

“ஆபத்து இல்லாதவருக்கு எதுக்கு சார் டாக்டர்?”

அதிகாரி பிஸ்கட்டைக் கடித்தார். “நல்லா கேக்குறீங்க. நானும் மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “‘இல்லை’ன்னு போடுங்கம்மா. நான் சொன்னதா வெளியில சொல்லாதீங்க” என்றார்.

அவள்தான் போட்டாள். பூனை பேனாவைத் தொடவே இல்லை.

வராந்தாவில் ஒரு தடித்த ஆள் பூனையைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கினான். பூனையின் பிளட்டூனில் சமையல்காரன், பெயர் கரண்டி. இப்போது ஒரு பெரிய கடையின் வாகன நிறுத்துமிடத்தில் காவலாளி. கல்யாணம் ஆகாதவன். அக்கா வீட்டு மாடியில் தங்கியிருந்தான்.

“உன் வீடியோ பார்த்தேன்டா. படுத்த ஸ்டைலைப் பார்த்தவுடனே நம்ம பூனைன்னு சொல்லிட்டேன். ஒழுங்கா மூட்டையோட அடியைப் பார்த்தியே, பாடத்தை மறக்கல.”

பூனை சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்து ஒரு வருடம் இருக்கும்.

விஷயத்தைக் கேட்டதும் கரண்டி தலையில் அடித்துக்கொண்டான். “போன்ல ‘ஆமா’ன்னு சொன்னியா? யாராவது சொல்லுவானாடா? நான் இந்தப் பரீட்சையை நாலு தடவை எழுதியிருக்கேன். இப்ப அஞ்சாவதுக்குக் காத்திருக்கேன், ஆறு மாசம் ஆகுது. நீ கவலைப்படாதே. நான் டியூஷன் எடுக்குறேன்.”

ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேள்விகளை எழுதி வைத்திருந்தான். தூக்கம் எப்படி? ஆறு மணி நேரம். எட்டு என்று சொல்லாதே, நம்ப மாட்டார்கள். பசி? எடுக்கிறது. கோபம்? வரும், போய்விடும். எதிர்காலம்? மகளைப் படிக்கவைக்க வேண்டும். பதினாலாவது கேள்வி வரும்போது இமைக்காதே, ஆனால் முறைத்தும் பார்க்காதே.

“எல்லாத்துக்கும் நல்லாயிருக்கேன்னு சொன்னா மாட்டிக்குவே. நடுவுல ஒரு குறை சொல்லணும். முட்டி வலின்னு சொல்லு. முட்டி வலியை எந்த டாக்டரும் சந்தேகப்பட மாட்டான்.”

அவள் டீ கொடுக்கும்போது கேட்டாள்: “உங்களுக்கு எப்படி இருக்கு அண்ணே?”

“எனக்கென்னம்மா? முட்டி வலிதான்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மற்ற நாட்களில் கேள்விகளை அவள் கேட்டாள். அவள் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து முடித்த சட்டைகளைப் பிரித்து, விட்டுப்போன தையல், கோணிய காலர், எண்ணெய்க் கறை எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. அந்தக் கண்ணோடு புருஷனுக்கு எதிரே உட்கார்ந்து நோட்டைப் படித்தாள்.

“வாழ்க்கையில நம்பிக்கை இருக்கா?”

“இருக்கு.”

“வேகமாச் சொல்லிட்டீங்க. மறுபடி. வாழ்க்கையில நம்பிக்கை இருக்கா?”

“...இருக்கு.”

“இப்ப ரொம்ப யோசிச்சிட்டீங்க.”

முதல் வாரம் பொய் கண்ணில் தெரிந்தது. இரண்டாவது வாரம் விரலில் மட்டும் தெரிந்தது. “விரலை மடக்காதீங்க” என்றாள். மூன்றாவது வாரம் எங்கேயும் எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் அவன் திணறியபோது, உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, “மகளைப் படிக்க வைக்கணும்” என்று பதிலை எடுத்துக் கொடுத்தாள்.

அறுபத்தேழாவது நாள் நலத்துறை அதிகாரி போன் செய்தார். குரலில் சந்தோஷம் வழிந்தது.

“அம்மா, ஒரு இடம் காலியாயிடுச்சு. நாளைக்குப் பத்து நாப்பது. உங்க பேரைத்தான் போட்டேன்.”

அண்ணன் தானே ஆட்டோ பிடித்துத் தருவதாகச் சொன்னார். பூனை நல்ல செய்தியைச் சொல்லக் கரண்டியை அழைத்தான். போன் அணைந்திருந்தது. “போன ஞாயிறுகூட வரல, டியூட்டியில இருப்பான்” என்றான்.

மறுநாள் மருத்துவமனையில் கவுன்ட்டர் குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னான். பத்து நாற்பது என்ற வரியில் ஏற்கெனவே எழுதியிருந்த பெயரைச் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே பூனையின் பெயரை எழுதியிருந்தார்கள். பூனை பேனாவைப் பிடித்தபடி நின்றுவிட்டான். கோட்டுக்கு அடியில் பெயர் கலங்கலாகத்தான் தெரிந்தது. பட்டாள எண் தெளிவாகத் தெரிந்தது. அந்த எண்ணின் கடைசி இலக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் அவன் எண்தான். ஒரே நாளில் ஒரே வரிசையில் நின்று, ஒருவருக்குப் பின் ஒருவராகச் சேர்ந்தவர்கள்.

“இவர் வரலையா?” என்று கேட்டான்.

குமாஸ்தா எட்டிப் பார்த்தான். “அவரா? போன வாரம் இறந்துட்டாராம். அவங்க அக்கா போன் பண்ணிச் சொன்னாங்க. பாவம், எட்டு மாசமாக் காத்திருந்தாரு.” பிறகு அவனை உற்சாகப்படுத்துகிற மாதிரி, “உங்களுக்கு யோகம் சார். அஞ்சு மாசம் மிச்சம்” என்றான்.

“எப்படி இறந்தாரு?” என்று அவள் கேட்டாள். குமாஸ்தா மேலே விட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். அது போதுமானதாக இருந்தது.

அவள் பூனையின் முழங்கையைப் பிடித்தாள். அவன் கையெழுத்துப் போட்டான். எழுத்து துளிகூடக் கோணவில்லை. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மேஜையில் ஓர் அடி உயரத்துக்குக் கோப்புகள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேள்விகளைக் கேட்டார்.

“தூக்கம்?”

“ஆறு மணி நேரம் மேடம்.”

“பசி?”

“எடுக்குது.”

“கோபம்?”

“வரும் மேடம். வந்தா போயிடும்.”

“சமீபத்துல உங்களுக்கு நெருக்கமானவங்க யாராவது இறந்தாங்களா?”

இது கரண்டியின் நோட்டில் இல்லாத கேள்வி. அவள் அவன் விரலைப் பார்த்தாள்.

“இல்ல மேடம்” என்றான் பூனை. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. விரல்கள் தொடையின் மேல் தளர்வாகக் கிடந்தன.

“உயிரோட இல்லாம இருந்தா நல்லாயிருக்கும்னு தோணுதா?”

“இல்ல மேடம். பொண்ணைப் படிக்க வைக்கணும்.”

டாக்டரம்மா தட்டுவதை நிறுத்தினார். நாற்காலியைத் திருப்பி முதல் தடவையாக அவனை முழுசாகப் பார்த்தார்.

“இந்த வாரத்துல நீங்க ஒன்பதாவது ஆளு. ஒன்பது பேரும் ஆறு மணி நேரம்தான் தூங்குறாங்க. உங்களுக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?”

“இல்ல மேடம்.”

அவர் அவளைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. வீட்டுல எப்படி இருக்காரு?”

அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. ‘பீரோவைத் திறந்து காகிதமெல்லாம் காட்டினாரு மேடம். இப்ப வெளியில ஒரு சிநேகிதன் செத்த செய்தியைக் கேட்டுட்டு உள்ள வந்து, யாரும் சாகலன்னு சொல்றாரு. நான்தான் சொல்லிக் குடுத்தேன்.’ இவ்வளவுதான். அரை நிமிடம் ஆகாது. அந்த அம்மாளின் முகமும் கேட்கிற முகமாகத்தான் இருந்தது.

“நான் உண்மையைச் சொன்னா என்ன மேடம் பண்ணுவீங்க?” என்று கேட்டாள்.

டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. “பொது ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். இங்க இருக்கிற பன்னெண்டு படுக்கையிலயும் ஆள் இருக்காங்க. டிப்போவுக்கும் எழுதியாகணும்.”

இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. அவள் குவார்ட்டர்ஸை நினைத்தாள். துணியால் கட்டிய அந்த இரண்டு மணிக்கட்டுகளை நினைத்தாள்.

“நல்லாத்தான் இருக்காரு மேடம்” என்றாள். “முட்டி வலி மட்டும்தான்.”

டாக்டரம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு முட்டி வலிக்கு மாத்திரை எழுதினார். தகுதியானவர் என்று முத்திரை குத்தினார். கதவருகே போனபோது, “ஏதாவதுன்னா வாங்க” என்றார். அதற்கும் ஏழு மாதம் ஆகும் என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

அங்கிருந்து நேராகக் கரண்டியின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். மாடி அறையை ஏற்கெனவே காலி செய்து வெள்ளை அடித்துவிட்டிருந்தார்கள். அக்கா வாசலில் நின்றபடியே பேசினாள். “யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. போன்ல பாதி நம்பருக்குப் பேரே இல்ல, எல்லாம் பட்டப்பேரு. பூனைன்னு ஒண்ணு இருந்துச்சு. யாருன்னு நான் எப்படிக் கண்டேன்?”

திரும்பி வரும் வழியெல்லாம் பூனை வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அழவில்லை. வீட்டு வாசலில் அண்ணன் காத்திருந்தார். முத்திரையைப் பார்த்ததும் அவனைத் தோளில் தட்டி, “நான்தான் அன்னைக்கே சொன்னேனே, மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு! எல்லாம் நாம நினைச்சுக்கிறதுதான்” என்றார். பூனை சிரித்தான். நல்ல சிரிப்பு. அவள் அதை உற்றுப் பார்த்தாள். விட்டுப்போன தையல் எதுவும் தென்படவில்லை.

அந்தச் சிரிப்பு அவளை என்னவோ செய்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து அவள் என்ன கேட்டாலும் அவன் சரியாகப் பதில் சொன்னான். தூங்கினீங்களா? தூங்கினேன். சாப்பிட்டீங்களா? நல்லா இருந்துச்சு. குளியலறைக் குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. ராத்திரி அசையாமல் படுத்திருந்தான். மூச்சு ஒரே சீராக வந்தது. தூங்குகிறவனின் மூச்சு எப்படி இருக்கும் என்றுகூட அவள்தானே சொல்லிக் கொடுத்தாள். சண்டை போட்டுப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். ‘கோபம் வரும், போயிடும்’ என்ற அளவுக்கு மேல் அவன் முகத்தில் எதுவும் ஏறவில்லை.

“அவர் உங்ககிட்டயாவது ஏதாவது சொல்றாரா அண்ணே?” என்று அண்ணனிடம் கேட்டாள்.

“என்ன சொல்லணும்? ஒரு நிமிஷம் லேட் இல்ல, ஒரு புகார் இல்ல. டிப்போவுலயே இப்ப அவர்தான் ஒழுங்கு. உனக்கு நல்லது நடந்தா பொறுக்காதா?”

பத்து நாள் பொறுத்தாள். பதினோராவது நாள் சட்டைக் கம்பெனிக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, அவன் வண்டியில் பின்வாசல் வழியாக ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். காலையிலிருந்து மத்தியானம் வரை நான்கு நடை. அவன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தினான். வயசானவர்கள் ஏறும்வரை பொறுத்தான். மஞ்சள் விளக்குக்கே பிரேக் போட்டான். மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம் அவள் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி மேம்பாலத்தைக் கடந்தது, மறுபடி கடந்தது. கண்ணாடியில் அவன் கண் மட்டும் தெரிந்தது. அது சாலையைத்தான் பார்த்தது.

நான்காவது நடை முடிந்து கடைசி நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கிப் போனார்கள். கண்டக்டர் டீக்குப் போனான். பூனை இன்ஜினை அணைத்துவிட்டு எழுந்து, இருக்கைகளுக்கு நடுவே நடந்து வந்தான். அவன் வருகிற சத்தம் கேட்கவில்லை. அவள் நிமிர்ந்தபோது எதிரே நின்றுகொண்டிருந்தான்.

“காலையிலிருந்து உக்காந்திருக்கே. சாப்பிட்டியா?” என்றான்.

“எப்ப பார்த்தீங்க?”

“ஏறும்போதே.”

அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். “இங்க யாரும் இல்ல. நோட்டு இல்ல, டாக்டர் இல்ல. எங்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுங்க. இன்னும் அப்படித் தோணுதா?”

பூனை எதிர் இருக்கையில் உட்கார்ந்தான்.  பல வாரமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று அவன் முகத்தில் ஒரு கணம் வந்து நின்ற மாதிரி இருந்தது.

“‘ஆமா’ன்னு சொன்னா என்ன பண்ணுவே?”

அவள் வாயைத் திறந்தாள். பேண்டு வாத்தியம் ஞாபகம் வந்தது. ஜீப், கட்டில், பதினாலாவது கட்டம், வெள்ளை அடித்த மாடி அறை, பன்னிரண்டு படுக்கை. ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

“அதான்” என்றான் அவன், கோபமே இல்லாமல். அவள் விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். “கேக்காதே. நான் நல்லாத்தான் இருக்கேன். வீட்டுக்குப் போ, பாப்பா வந்துடுவா.”

கண்டக்டர் வந்து ஏறினான். அடுத்த நடைக்கு ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள். பூனை முன்னால் போய் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினான். கண்டக்டர் அவளிடம் வந்து, “எங்க இறங்கணும்மா?” என்று கேட்டான்.

“கடைசி வரைக்கும்” என்றாள்.